கோட்டு விறாந்தை

வாப்பா கோட்டுக்குப் போகிற நாளில் எங்கள் வீட்டு அடுப்பு சுபஹு தொழுகைக்கு முன்பே எரியும். உம்மா ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு வாழையிலையில் பொதி கட்டிவைப்பார். வாப்பா வெள்ளைச் சாரமும் தொப்பியும் போட்டு, பிஸ்கட் டின்னில் இருந்த உறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திரும்ப அடுக்கி, டின்னைத் துவாயில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பாலாவிச் சந்தியில் கற்பிட்டியிலிருந்து வருகிற சிவப்பு பஸ்ஸுக்கு நிற்போம். உப்பளத்துப் பக்கமிருந்து வீசும் காற்றில் உதடு கரிக்கும். அங்கிருந்து புத்தளம் டவுன் ஆறேழு கிலோமீட்டர்தான். வாப்பாவுக்கு அது ஹஜ்ஜுக்குப் போகிற தூரம்போல இருந்திருக்க வேண்டும். வழி முழுக்க ஓதிக்கொண்டே வருவார்.

முதன்முறை என்னைக் கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயது. ஸ்கூலில் இங்கிலீஷ் எழுத்து படித்திருந்தேன். அதை நம்பித்தான் வாப்பா கூட்டிப்போனார் என்பது பின்னால்தான் விளங்கியது. கோட்டுக்குள் ஐயாமார் பேசுகிற இங்கிலீஷ் எனக்கு விளங்கும், பக்கத்தில் இருந்து நான் சொல்லித்தருவேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு சொல் விளங்கவில்லை. வாப்பா என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததும், நான் தலையைக் குனிந்துகொண்டதும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. ஏன் விளங்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை.

அன்று எங்களைக் காப்பாற்றியவர் முதலியார். கோட்டு மொழிபெயர்ப்பாளரை அப்படித்தான் அழைப்பார்கள். ஆசனத்துக்குக் கீழே ஒரு மேசையருகில் நின்றபடி, நீதிபதி சொல்வதைத் தமிழிலும் வாப்பா சொல்வதை இங்கிலீஷிலும் ஆக்குவார். நல்ல உரத்த குரல். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கு அத்துப்படி. ‘தென்னைப்பிள்ளை’ என்று வாப்பா சொன்னால் அது கன்று என்று சேர்த்துச் சொல்லி விளக்குவார். ஒரு காலத்தில் ஆசனத்தில் இருந்தவர் தமிழர். வாப்பா வாய்திறந்து சொல்வது அவருக்கு நேராகவே விளங்கும். ஆனாலும் முதலியார் இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை அவருடைய பேனை அசையாது. தமிழ்ப் பேச்சு பதிவுப் புத்தகத்துக்குள் இங்கிலீஷாகித்தான் போகவேண்டும் என்பது அன்றைய முறை.

எங்கள் வழக்கு, காணி பிரிக்கிற வழக்கு. முப்பத்திரண்டு ஏக்கர் தென்னங்காணி, யாரோ ஒரு பூட்டனார் வாங்கியது. முஸ்லிம் வாரிசுரிமைப்படி ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று மூன்று தலைமுறை பங்கு பிரிந்ததில், வாப்பாவுக்கு வந்தது நூற்று நாற்பத்து நான்கில் ஏழு பங்கு. கணக்கிட்டால் ஒரு ஏக்கர், இரண்டு றூட், ஒன்பது பேர்ச்சஸ் அளவு. ஆனால் அந்த ஏழு பங்கு எந்த மரத்தடியில் தொடங்குகிறது, எந்த வேலியில் முடிகிறது என்று யாராலும் காட்ட முடியாது. முழுக்காணியிலும் ஒவ்வொரு பிடி மண்ணிலும் எல்லாருக்கும் பங்கு. தேங்காய் பறிக்கிற நாளில் சண்டை. அதனால்தான் கோடு.

பிரிவினை வழக்கில் பங்குக்காரர் எல்லாரும் கட்சிக்காரர்களாக இருந்தாக வேண்டும். வழக்கு நடக்கும்போது ஒருவர் மௌத்தானால் அவருடைய வாரிசுகளை அந்த இடத்தில் சேர்க்கவேண்டும். அதற்கொரு தவணை. அந்த வாரிசில் ஒருவர் வயது வராத பிள்ளையென்றால் அதற்கொரு பாதுகாவலர், இன்னொரு தவணை. கோட்டுக் கட்டளையோடு சேவையர் வந்து காணியில் தமுக்கு அடிக்கவைத்து, இந்த நிலத்துக்கு இப்படி ஒரு வழக்கு உண்டு என்று சத்தம்போட்டு அறிவிக்கவேண்டும். அது சட்டத்திலேயே எழுதப்பட்ட வேலை. அந்தத் தமுக்குச் சத்தம் கேட்டு அணில்கள் எல்லாம் தென்னைகளில் மேலேறியதையும், பின்னாலேயே நாங்கள் பிள்ளைகள் ஓடியதையும் மறக்க முடியாது. பெரியவர்களின் முகத்தில் மையித்து வீட்டுக் களை. சொந்தக்காரர்களுக்குள் வழக்கு என்பதை ஊர் முழுக்கக் கேட்கும்படி அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

வழக்கு பதினைந்து வருஷம் நடந்தது. குற்றம் சொல்ல ஆள் இல்லை. அத்தனை மௌத்துகள்.

ஆனால் கோட்டு விறாந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். நீதியைவிட அந்த விறாந்தையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கற்பிட்டி, தலவில், முந்தல், வண்ணாத்திவில்லு, ஆனமடுவ என்று மாவட்டம் முழுக்க அங்கே வந்து குந்தியிருக்கும். வலை அறுந்த வழக்குக்கு வந்த கத்தோலிக்க மீனவர், சேனைத் தகராறுக்கு வந்த சிங்கள விவசாயி, மாடு வயலில் விழுந்த வழக்குக்கு வந்த எங்கள் ஊர் முஸ்லிம், எல்லாருக்கும் ஒரே வாங்கு. பெயர் கூப்பிடும்வரை வேறு வேலை கிடையாது. வெற்றிலைப் பெட்டி கைமாறும். மழை, கருவாட்டு விலை, யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் என்று பேச்சு ஓடும். என் மூத்த ராத்தாவின் கல்யாணம் அந்த விறாந்தையில்தான் முதலில் பேசப்பட்டது. எதிர்க்கட்சியில் இருந்த ஒரு பங்குக்காரருடைய மச்சானின் மகன்தான் மாப்பிள்ளை. உள்ளே வாப்பாவும் அந்தப் பங்குக்காரரும் எதிரெதிர். வெளியே வந்து ஒரே கோப்பைத் தேநீரை ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள். வெயில் ஏறினால் புத்தளத்துக் கழுதைகளும் நிழலுக்கு வந்து நிற்கும். யாரும் விரட்டமாட்டார்கள்.

அந்த விறாந்தையில் கேட்ட சொற்களை வைத்தே எங்கள் கரையோரத்தின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம். கந்தோர், நொத்தாரிசு, பிஸ்கால் எல்லாம் ஒல்லாந்தர் காலத்தோடு ஒட்டியவை. தோம்பு, புரக்கிராசி என்ற சொற்களில் போர்த்துக்கேயர் வாசம். கோடு இங்கிலீஷ்காரன் தந்தது. சொல் மட்டுமல்ல, நாட்டின் பொதுச் சட்டத்தின் அடித்தளமும் இன்றைக்கும் றோமன் டச்சுச் சட்டம்தான். 1974இல் புதிய நீதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்புக்காத்து, புரக்கிராசி என்ற இரண்டு பிரிவும் ஒழிந்து எல்லாரும் சட்டத்தரணி ஆனார்கள். வாப்பா மட்டும் கடைசிவரை ‘என்ட புரக்கிராசி ஐயா’ என்றுதான் சொல்வார்.

வெள்ளைக்காரனுக்கு முன்பும் இங்கே நியாயம் கேட்க இடம் இருந்தது. புத்தளத்தில் முக்குவத் தலைவர்கள் கூடி வழக்குத் தீர்த்த சபைக்கு முத்திரகூடம் என்று பெயர். 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் தீவு முழுக்க மாவட்ட நீதிமன்றங்களை அமைத்தது. அதற்கடுத்த வருஷம் இலங்கை கஸற்றியர் என்ற பெரிய நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். எங்கள் சந்தியில் திரும்பிப் போகிற அதே வீதியின் கடைசி ஊர். சட்டசபை உறுப்பினராக இருந்து, பிறகு சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை இங்கிலீஷில் எழுதி 1859இல் அச்சிட்டவரும் அவரே. கற்பிட்டிக் கடற்கரையில் பிறந்த ஒரு தமிழர், அந்தக் காலத்தில் அந்த ஆசனத்தில் போய் உட்கார்ந்தார் என்பதை நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லா நினைவும் இனிப்பல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். வாசலில் காற்றுக்கு விளைந்து கிடக்கிற உப்பை ஒரு சிரட்டை அள்ளினாலும் குற்றம். உம்மாவின் குடும்பத்தில் ஒரு முதியவர் அப்படி அபராதம் கட்டியவர். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் வீட்டுக் கறியில் உப்புக் குறைவாகவே இருந்தது என்று உம்மா சொல்வார். எங்கள் பாட்டிமார் தலைமுறைக்குக் கோடு என்றால் அதுதான், ஏழையை இழுத்துப்போகிற இடம். வாப்பாதான் எங்கள் குடும்பத்தில் தன் காலால் நடந்து, தன் உரிமையைக் கேட்டு அந்தப் படி ஏறிய முதல் ஆள்.

இதற்கிடையில் மொழி மாறியது. 1956இல் சிங்களம் ஆட்சிமொழி. 1961இல் நீதிமன்ற மொழிக்கென்று தனிச் சட்டம். கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலீஷ் கீழிறங்கிச் சிங்களம் ஏறியது. மக்களுக்கு விளங்காத மொழியில் நீதி இருக்கக்கூடாது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணம் முழுக்க உண்மை. ஆனமடுவ விவசாயியின் முகம் மாறியதை நானே பார்த்தேன். தன்னைப் பற்றிப் பேசுவதை முதன்முறையாக நேராகக் கேட்கிற முகம் அது. முன்வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாப்பா அதே வாங்கில், அதே துவாய்ப் பொதியோடு, அதே மாதிரி வேறொருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் போனது. மொழிபெயர்ப்பு போகவில்லை.

இறுதித் தீர்ப்புச் சொன்ன நாளில் நான் இளைஞன், சிங்களம் பேச எழுதத் தெரிந்தவன். வாப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பத்து வயதில் பார்த்த அதே பார்வை. இந்தமுறை என்னால் சொல்ல முடிந்தது. “வாப்பா, நமக்கு வடமேற்கு மூலை. நாப்பத்தொம்பது மரம். கிணத்துக்குத் தனியாப் பாதை.” அவர் டின்னை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

சேவையர் நட்ட எல்லைக் கற்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு பூசினோம்.

பத்து வருஷம் அந்தக் காணி எங்களுடையதாக இருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அதில் பெரும்பகுதி புத்தளத்துக்கு வந்தது. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் வீதியோரம் முழுக்க ஓலைக் கொட்டில்கள். மன்னார், முசலிப் பக்கத்திலிருந்து வந்த நான்கு குடும்பங்கள் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு இருந்தன. வாப்பா அவர்களைக் கூட்டிப்போய் வடமேற்கு மூலையைக் காட்டினார். பதினைந்து வருஷம் படியேறி வாங்கிய நிலத்தை ஒரு அசருக்கும் மஃரிபுக்கும் இடையில் கொடுத்துவிட்டார். ஒரு துண்டுக் கடதாசி எழுதவில்லை.

சாச்சா ஓடிவந்தார். “காக்கா, பத்து வருஷம் போனா காணி இருந்தவனுக்குச் சொந்தமாயிரும். 1871ஆம் ஆண்டுச் சட்டம். வாடகைக்கின்னாவது ஒரு எழுத்து வாங்குங்க.”

“எழுத்தா?” என்றார் வாப்பா. “அவங்கட பையைத் திறந்து பார்த்தியா? நாலு குடும்பத்துக்கிட்டயும் உறுதி இருக்கு. அசல் உறுதி. காணிதான் இல்ல.”

அந்த நான்கு குடும்பத்தில் இன்றும் அங்கேயே இருப்பவர் ஒரு முதிய பெண். நாங்கள் மன்னார் உம்மா என்போம். அவருடைய உறுதிகள் ஒரு பச்சை ஷொப்பிங் பையில் இருக்கின்றன. யுத்தம் முடிந்து அவர் போய்ப் பார்த்தபோது முசலிக் காணியில் இருபது வருஷக் காடு. வேலி எது, வீட்டு அத்திவாரம் எது என்று தெரியவில்லை. 2016இல் பாராளுமன்றம் ஒரு நல்ல சட்டம் செய்தது. யுத்தத்தால் தன் காணிக்கு வர முடியாமல் போனவருக்கு எதிராக அந்தக் காலத்து ஆட்சியைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. வழக்குப் போட இரண்டு வருஷ அவகாசமும் கொடுத்தது. ஆனால் காணி எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே போய்த்தான் போடவேண்டும். பாலாவியில் கூலிக்கு உப்பு வாருகிற ஒரு பெண் எத்தனை முறை மன்னாருக்குப் போய்வர முடியும்? இரண்டு வருஷமும் முடிந்த பிறகுதான் அப்படியொரு சட்டம் இருந்ததே அவருக்குத் தெரியவந்தது. அவரிடம் அதைச் சொன்னவன் நான். இரண்டு வருஷம் முன்னதாக எனக்கே தெரிந்திருக்கவேண்டும்.

1988இல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், மற்ற இடங்களில் சிங்களம். வில்பத்துக் காட்டுக்கு வடக்கே மோதரகம் ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு அப்பால் மன்னார் உம்மாவின் மொழியில் கோடு நடக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து அவரைத் துரத்தியவர்களும் அவருடைய மொழிதான் பேசினார்கள். ஆற்றுக்கு இப்பால் அவருக்கு ஒண்ட நிலம் கிடைத்தது, கோடு சிங்களத்தில். மொழி தெரியாதவருக்கு அரசாங்கச் செலவில் மொழிபெயர்ப்புத் தரவேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த வரியை எழுதியவர்களை நான் மனதார மதிக்கிறேன். வாப்பாவின் காலத்தில் முதலியார் ஒரு வழக்கம், இன்றைக்கு அவர் ஓர் உரிமை. ஆனால் உரிமைக்கு ஆள் வேண்டும். வேறோர் ஊர் நீதிமன்றத்துக்கு ஒரு விதவையோடு துணைக்குப் போயிருந்தேன். அவர் பெயர் கூப்பிட்ட நேரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை. தவணை. அடுத்த தவணைக்கும் இல்லை. மூன்றாவது முறை அந்தப் பெண் வரவில்லை. பஸ் காசு இல்லை என்றார்.

பென்ஷனுக்குப் பிறகு எனக்கு இதுதான் வேலை. கடதாசி வாசித்துச் சொல்வது, அழைப்பாணையில் என்ன இருக்கிறது என்று விளக்குவது, கோட்டு விறாந்தையில் பக்கத்தில் நிற்பது. காசு வாங்குவதில்லை. வாங்கினால் வாப்பா கனவில் வருவார். முன்பு ஆண்கள் மட்டும் நிறைந்திருந்த இடத்தில் இப்போது பாதிக்குமேல் பெண்கள். முஸ்லிம் விவாக நீதிபதியான காஸி தாபரிப்புத் தீர்த்தாலும், புருஷன் கொடுக்காவிட்டால் அதை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டத்தை மாற்றச் சொல்லிப் புத்தளத்துப் பெண்கள் வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். ஊரில் திட்டும் வாங்கினார்கள். கையில் பிள்ளையோடு அந்தப் படியில் காத்திருக்கிற ஒரு பெண்ணிடம் ஐந்து நிமிஷம் பேசிப்பார்த்தால், அவர்கள் கேட்பது எவ்வளவு சிறியது என்று விளங்கும். நான் அவர்கள் பக்கம்.

வாங்கு இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு இல்லை. எல்லார் கையிலும் ஃபோன். தேநீரைப் பகிர்கிற எதிர்க்கட்சிக்காரரை நான் பார்த்துப் பல வருஷமாகிறது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு கொஞ்சக்காலம் அந்த வாங்கிலும் ஆட்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்தார்கள். அப்போது ஆனமடுவப் பக்கத்து முதியவர் ஒருவர் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து நீட்டினார். நான் வெற்றிலை போடுவதில்லை. அன்றைக்குப் போட்டேன்.

வாப்பா மௌத்தான பிறகு வடமேற்கு மூலை திரும்பவும் பங்காகப் பிரிந்து எங்கள் ஐந்து பேருக்கு வந்தது. மன்னார் உம்மா முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார். சாச்சா சொன்ன பத்து வருஷச் சட்டப்படி பார்த்தால் எப்போதோ அவருக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும் என்று நினைத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். “அந்தம்மா காணியைப் பற்றி என்ன சொல்வாங்க?” என்று கேட்டார். “எங்கட வாப்பா தந்த இடம்னு சொல்வாங்க, யார் கேட்டாலும்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்தவர் அனுமதியோடு இருப்பவருக்கு அந்தச் சட்டம் உதவாது. தனக்கே சொந்தம் என்று எதிர்த்து இருந்தவருக்குத்தான். முப்பது வருஷமாக மன்னார் உம்மா நன்றியோடு சொல்லிவந்த அந்த ஒரு வாக்கியம் அவருடைய உரிமையை ஒவ்வொரு நாளும் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. வாப்பாவின் வாய்ச்சொல்லும் செல்லாது. காணி கைமாறுவதென்றால் எழுத்தில், நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு நடக்கவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து சட்டம்.

ராத்தா, தம்பிமார் எல்லாரிடமும் பேசினேன். ஒரு தம்பி ஆறு மாதம் யோசித்தார். காணி விலை ஏறியிருந்தது, அவருக்கு மகள்கள் இருக்கிறார்கள், யோசித்ததில் தப்பில்லை. கடைசியில் அவரே ஃபோன் எடுத்து, “நாநா, வாப்பா குடுத்ததைத்தானே நாம எழுதப்போறோம்” என்றார்.

தமிழில் உறுதி எழுத அனுமதி உள்ள நொத்தாரிசு ஒருவரைத் தேடிப்போனோம். மன்னார் உம்மா பச்சைப் பையோடு வந்தார். அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியும் கேட்கவில்லை. நொத்தாரிசு எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே வேலி. எல்லாம் பழைய தீர்ப்பில் இருந்தபடி. மன்னார் உம்மா கண்ணை மூடிக்கொண்டு ஓதுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வேலை இல்லை. ஒரு சொல்லைக்கூட நான் திருப்பிச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

“வடக்கே, பாதையுடன் கூடிய பொதுக் கிணறு” என்று நொத்தாரிசு வாசித்தபோது மன்னார் உம்மா கண்ணைத் திறந்தார்.

“அந்தக் கிணறு தூர்ந்து போச்சுது ஐயா. இப்ப இருக்கிறது நான் வெட்டினது. தொண்ணூத்திநாலில, என்ர மகனும் நானும். அதையும் எழுதுங்கோ.”

நொத்தாரிசு பேனையை எடுத்தார்.